கறிக்கடையிலிருந்து வீட்டுக்கு வரும் 'மருந்துக்கு அடங்காத' பாக்டீரியா: சென்னை ஆய்வில் தெரிந்தது என்ன? நாம என்ன செய்யணும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நாவலூர் கறிக்கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். எப்படி வாங்கினாலும் ஒரு கேள்வி பொதுவானது. அந்தக் கறியோடு, ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாவும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறதா?

வரலாம் என்பதுதான் பதில். சென்னையில் சேகரித்த உணவு மாதிரிகளே அதைக் காட்டியிருக்கின்றன. அதற்காக சிக்கனையே விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. கொதிக்கிற குழம்பைவிட, அதற்கு முன்னால் பச்சைக் கறி பட்ட கத்தி, பலகை, சிங்க் இதெல்லாம்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா... அப்படின்னா என்ன?

பாக்டீரியாவைக் கொல்வது அல்லது வளரவிடாமல் தடுப்பது ஆன்டிபயாடிக் மருந்தின் வேலை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பவும், அரைகுறை அளவிலும் கொடுக்கும்போது பலவீனமான பாக்டீரியாக்கள் சாகும். அந்த மருந்தைத் தாங்கும் தன்மை உள்ள சில மட்டும் தப்பிக்கும். தப்பித்தவை பெருகும். கொஞ்ச காலத்தில் அந்த மருந்து வேலை செய்யாமல் போய்விடும். இதைத்தான் 'ஆன்டிபயாடிக் எதிர்ப்புத் திறன்' என்கிறார்கள்.

"உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்று பலரும் சொல்வது உண்டு. பழகுவது உடம்பு இல்லை, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையம் இதற்கு உதவுகிறது. பென்டிரைவில் ஒரு ஃபைலை காப்பி பண்ணி அடுத்த கம்ப்யூட்டரில் போடுவது மாதிரிதான். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோழியின் குடலில் இருந்த பாக்டீரியா, மனிதனின் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இந்த ஃபைலைக் கொடுத்துவிட்டுச் செத்தும் போகலாம். ஃபைல் தங்கிவிடும்.

இதன் விளைவு சின்னது இல்லை. 2022-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2019-ம் ஆண்டில் மட்டும் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்று நேரடிக் காரணம்.

சென்னை உணவு மாதிரிகளில் என்ன கிடைத்தது?

சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் தலைமையில், வேலூர் சி.எம்.சி நுண்ணுயிரியல் நிபுணர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். கோழிக்கறி, ஆட்டுக்கறி, மீன், காய்கறி, பழம் என நூற்றுக்கும் மேற்பட்ட உணவு மாதிரிகள் சென்னையில் சேகரிக்கப்பட்டன. ஆய்வு முடிவு 2019-ல் 'ஜர்னல் ஆஃப் குளோபல் ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ்' இதழில் வெளியானது.

ஏறக்குறைய பாதி மாதிரிகளில், 'கோலிஸ்டின்' என்ற மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. அவற்றில் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா ஆகிய இரண்டு வகைகளின் மரபணுக்களை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்மிட் வழியாகத் தாவக்கூடிய 'எம்.சி.ஆர்-1' மரபணுவும் அதில் சிக்கியது. அதாவது, மேலே சொன்ன பென்டிரைவ் நம்ம ஊர் உணவிலும் இருந்திருக்கிறது.

ஈ.கோலை எல்லா மனிதர்களின் குடலிலும் சாதாரணமாக இருப்பதுதான். சிறுநீர்த் தொற்றுக்கு மிக முக்கியமான காரணமும் அதுவே. க்ளெப்சியெல்லா, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு நிமோனியா, ரத்தத் தொற்று ஆகியவற்றைக் கொண்டுவரும். எனவே, உணவில் கிடைத்தவை எங்கோ இருக்கும் அரிய கிருமிகள் இல்லை. டாக்டர்கள் தினமும் சந்திக்கும் கிருமிகளின் சொந்தக்காரர்கள்.

கோலிஸ்டினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

கோலிஸ்டின் புது மருந்து இல்லை. 1950-களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது என்பதால், பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்தபிறகு, 1970-களில் டாக்டர்கள் இதை ஓரம்கட்டினார்கள்.

பிறகு நிலைமை மாறியது. மற்ற ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 'கார்பாபெனம்' என்ற பலமான மருந்து வகையைத்தான் டாக்டர்கள் நம்பியிருந்தார்கள். அதையும் உடைக்கும் 'என்.டி.எம்-1' மரபணு பற்றி 2010-ல் 'தி லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்துவந்த கார்த்திகேயன் குமாரசாமி. நாவலூரிலிருந்து ஓ.எம்.ஆர் வழியாக வடக்கே போனால் வரும் அதே தரமணிதான். அந்த ஆய்வில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த 44 பாக்டீரியா மாதிரிகளில் என்.டி.எம்-1 இருந்தது. மரபணுவுக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்ததற்கு இந்தியாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதுதான்.

கார்பாபெனமும் கைவிட்டால் அடுத்து என்ன? பல ஐ.சி.யூ-க்களில் அதற்கு விடை, ஓரம்கட்டப்பட்ட பழைய கோலிஸ்டின்தான். சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று தெரிந்தும், வேறு வழி இல்லாததால் கொடுக்கப்படும் கடைசிக் கட்ட மருந்துகளில் அது ஒன்று. அதற்கும் அடங்காத பாக்டீரியா, ஐ.சி.யூ-வில் இல்லாமல் சாதாரண உணவில் கிடைத்தது என்பதால்தான் இவ்வளவு பதற்றம்.

ஐ.சி.யூ மருந்து கோழிப் பண்ணைக்கு எப்படிப் போச்சு?

முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம். தமிழ்நாட்டின் கோழி வளர்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டு பகுதிகளைச் சுற்றித்தான். கறிக்கோழி வளர்ப்பில் ஒப்பந்த முறை அதிகம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுக்கும் விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கொட்டகையில், ஐந்து அல்லது ஆறு வாரத்தில் விற்பனை எடைக்கு வர வேண்டும்.

இந்த மாதிரி இடத்தில் ஒரு கோழிக்கு நோய் வந்தால் மொத்தக் கொட்டகைக்கும் பரவும். அதனால் ஆன்டிபயாடிக் மூன்று வகைகளில் பயன்படுகிறது.

- நோய் வந்த கோழிக்கு சிகிச்சையாக.
- நோய் வராமல் இருக்க, எல்லாக் கோழிகளுக்கும் முன்கூட்டியே.
- சீக்கிரம் எடை போட, தீவனத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

முதல் வகையைத் தவிர்க்க முடியாது. கோழிக்கும் நோய் வரும், வைத்தியம் வேண்டும். பிரச்சினை மூன்றாவது வகையில். கொல்லும் அளவுக்கு இல்லாமல், பழக்கிவிடும் அளவுக்கு மருந்து கொடுப்பது, எதிர்ப்புத் திறன் உள்ள பாக்டீரியாவை நாமே வளர்த்துவிடுவதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ச்சிக்காகவும், நோயே இல்லாத விலங்குகளுக்கு முன்கூட்டியும் மருந்து கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான பயன்பாட்டை 2006-லேயே தடை செய்துவிட்டது.

கோலிஸ்டினும் இப்படித்தான் தீவனத்துக்குள் வந்தது. மனிதர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய காலத்தில், விலை மலிவான அந்த மருந்து கால்நடைத் தீவனத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கான டன் கோலிஸ்டின் பண்ணைப் பயன்பாட்டுக்காக இந்தியாவுக்கு வருகிறது என்று, லண்டனைச் சேர்ந்த 'பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம்' 2018-ல் வெளிப்படுத்தியது.

தடை வந்துடுச்சே, பிறகு என்ன?

2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழி, மீன் மற்றும் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்ப்புகள் ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிக்கவும், விற்கவும், விநியோகிக்கவும் தடை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின் கீழ் வந்த உத்தரவு இது.

இப்படிப்பட்ட தடை பலன் தருமா? சீனாவின் அனுபவம் 'தரும்' என்கிறது. எம்.சி.ஆர்-1 மரபணு பற்றி உலகத்துக்கு முதலில் தெரியவந்தது 2015 நவம்பரில், சீனாவில் நடந்த ஆய்வின் மூலம். பண்ணைப் பன்றிகள், கடைக் கறி, ஆஸ்பத்திரி நோயாளிகள் என மூன்று இடத்திலும் அது இருந்தது. 2017-ல் தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதைச் சீனா நிறுத்தியது. அதற்குப் பிறகு விலங்குகளிடமும் மனிதர்களிடமும் கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா கணிசமாகக் குறைந்ததை 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. பழக்கத்தை நிறுத்தினால் நிலைமை திரும்பும்.

ஆனால் கோலிஸ்டின் ஒரு மருந்து மட்டும்தான். டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது, 40 சதவிகிதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. என்ரோஃப்ளோக்சசின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்றவை அதில் அடக்கம். சிப்ரோஃப்ளோக்சசின், நாம் மெடிக்கலில் பார்க்கும் அதே 'சிப்ரோ' மாத்திரைதான்.

எச்சம் வேறு, பாக்டீரியா வேறு: குழப்பிக்க வேண்டாம்

செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

'எச்சம்' என்பது கோழிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம். அது ஒரு ரசாயனம். மருந்து கொடுத்த பிறகு, உடம்பிலிருந்து அது வெளியேற சில நாட்கள் காத்திருந்துதான் கோழியை அறுக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை மருந்து லேபிளில் குறிப்பிட வேண்டும். சோதித்து உறுதிசெய்த கணக்கு எதுவும் இல்லாத மருந்தாக இருந்தால், முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள் என்று 2012-ல் விதி வந்தது. ஐந்து, ஆறு வாரமே வாழும் கறிக்கோழிக்கு 28 நாள் காத்திருப்பு என்றால், நடைமுறையில் அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

'எதிர்ப்புத் திறன் பாக்டீரியா' என்பது உயிருள்ள கிருமி. ஒரு கறித் துண்டில் மருந்து எச்சம் துளியும் இல்லாமல், இந்தப் பாக்டீரியா மட்டும் இருக்கலாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, எச்சத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. கறி, பால், முட்டை, மீன் உற்பத்தியில் பயன்படுத்தவே கூடாத ஆன்டிபயாடிக்குகளின் பட்டியலை நீட்டிய திருத்தம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் மருந்தைப் பற்றிய விதிகள். கடையில் விற்கும் கறியை வாங்கி, அதில் உள்ள பாக்டீரியா எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தொடர்ந்து பார்ப்பது தனி வேலை. அமெரிக்காவில் சில்லறைக் கடைக் கறிக்கு இந்தக் கண்காணிப்பு 2002 முதல் நடக்கிறது.

நம்ம ஊரிலேயே ஏற்றுமதி இறாலுக்கு, குளத்திலிருந்து பிடிப்பதற்கு முன்பே எச்சப் பரிசோதனை நடக்கிறது. எச்சம் இருந்தால் வெளிநாடு கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயமும் அந்தக் கவனிப்பும் தெருமுனைக் கறிக்கடைக்கு இன்னும் வரவில்லை.

நல்லா வேக வச்சா செத்துடுமே?

கண்டிப்பாகச் செத்துவிடும். இது முக்கியமான விஷயம். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் பாக்டீரியா, சூட்டைத் தாங்காது. கறியின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் குழம்பும் பிரியாணியும் இதைத் தாண்டித்தான் கொதிக்கின்றன.

அப்படியானால் உடம்புக்குள் எப்படிப் போகிறது? வேகவைப்பதற்கு முன்னால்தான். கறியைக் கழுவிய கை, உப்பு ஜாடியைத் தொடுகிறது. குழாயை வேகமாகத் திறந்து கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டில் படுகிறது. கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குகிறோம். தயிர்ப் பச்சடியை யாரும் வேகவைப்பதில்லை.

இப்படி உள்ளே போகும் பாக்டீரியா உடனே நோயைக் கொடுக்க வேண்டும் என்று இல்லை. சத்தமே இல்லாமல் குடலில் தங்கலாம். தன் மரபணுவை அங்கிருக்கும் மற்ற பாக்டீரியாவுக்குக் கொடுக்கலாம். பல மாதம் கழித்து ஓர் ஆபரேஷன், ஒரு சிறுநீர்த் தொற்று, கீமோதெரபி என்று உடம்பு பலவீனமாகும் நேரத்தில் அது வெளிப்படும். அப்போது எந்த மருந்தும் கேட்காமல் போவதற்கும், என்றோ ஒரு நாள் சரியாகக் கழுவாத பலகைக்கும் உள்ள தொடர்பு யார் கண்ணுக்கும் தெரியாது.

நாட்டுக்கோழி, ஆன்லைன் கறி, காய்கறி... இதெல்லாம் சேஃப்பா?

நாட்டுக்கோழி: வீட்டுப் புறக்கடையில் மேயும் கோழிக்கு மருந்து குறைவாக இருக்கலாம். இப்போது நாட்டுக்கோழியும் பண்ணையில் வளர்கிறது. பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை' என்ற லேபிள்: உண்மையாகவே இருந்தாலும், அது மருந்து எச்சத்தைப் பற்றியது. பாக்டீரியாவே இல்லை என்று அர்த்தம் இல்லை. பேக்கிங் கறியையும் கடைக் கறி மாதிரியேதான் கையாள வேண்டும்.

ஃப்ரீசர்: உறைய வைத்தால் பாக்டீரியா பெருகாது, ஆனால் சாகாது. வெளியே எடுத்து சூடு ஏறியதும் திரும்பப் பெருகும்.

காய்கறி, பழம்: சென்னை ஆய்வில் இவையும் இருந்தன. கோழி எரு, அசுத்தமான பாசன நீர், கையாளும் கைகள் என எந்த வழியிலும் பாக்டீரியா வரலாம். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளியில் அதிகக் கவனம் தேவை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

வீட்டில் என்ன செய்யணும்?

- கறியைத் தனிப் பையில் வாங்குங்கள். காய்கறிப் பையோடு சேர்க்க வேண்டாம். வீடு வந்ததும் சமைக்கவில்லை என்றால், மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ரத்தநீர் கீழே இருக்கும் சாப்பாட்டில் சொட்டும்.
- கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை. ஒன்றுதான் இருக்கிறது என்றால், முதலில் காயை நறுக்கி எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாகக் கறியை வெட்டுங்கள்.
- பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு சொல்கிறது. ரத்தமும் இறகும் ஒட்டிய கறியை அப்படியே சமைக்க நமக்கு மனசு வராது. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், குழாயடியில் நேராகப் பிடிக்காமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாகக் கழுவுங்கள். பிறகு சிங்க்கையும் குழாய்த் திருகையும் சோப்பு போட்டுத் தேயுங்கள்.
- மஞ்சள், உப்பு, எலுமிச்சை போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்று நம்ப வேண்டாம். வாசனை போகும். பாக்டீரியாவைத் தீர்ப்பது அடுப்புதான்.
- கறியைத் தொட்ட கையை, வேறு எதையும் தொடும் முன் சோப்பு போட்டுக் குறைந்தது 20 விநாடி கழுவுங்கள்.
- கிரில், கபாப், ஷவர்மா சாப்பிடும்போது உள்ளே வெந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.
- சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.
- கீரை, கொத்தமல்லி, பழங்களை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

கடை சரியில்லைன்னா யாரிடம் சொல்வது?

நாவலூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. எனவே, செங்கல்பட்டு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் புகார் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர் கடைகள் என்றால் சென்னை மாவட்டம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் கட்டணமில்லா எண் 1800-112-100. கடையில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கறி வெட்டும் கட்டை, கத்தி, தண்ணீர் டிரம் எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

தப்பு கோழிப் பண்ணையில் மட்டும்தானா?

இல்லை. ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஆன்டிபயாடிக், இரண்டு நாளில் சரியானதும் மீதியை எடுத்து வைத்து அடுத்த தடவை போடுவது, இதுவும் அதே பாக்டீரியாவை வளர்க்கும் வேலைதான். பெரும்பாலான ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இதைத் தடுக்க இந்திய மருத்துவ அமைப்புகள் ஒன்றுசேர்ந்து முதன்முதலில் செயல்திட்டம் போட்டது நம் ஊரில்தான். 2012 ஆகஸ்டில் கூடிய அந்தக் கூட்டத்தின் அறிக்கைக்கு 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். அடுத்த ஆண்டே, முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற 'ஹெச்1' பட்டியல் வந்தது. பக்கத்து மாநிலமான கேரளா 2018-ல் தனிச் செயல்திட்டம் வெளியிட்டு, 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக்கடைகளில் சோதனையைத் தொடங்கியது.

கோலிஸ்டின் தடை, பண்ணையில் மருந்தை நிறுத்த முடியும் என்று காட்டிவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் அது வர வேண்டும். கடைக் கறியைத் தொடர்ந்து சோதிக்கும் ஏற்பாடும் வர வேண்டும். அதுவரைக்கும் நம் கையில் இருப்பவை தனிப் பலகை, கொஞ்சம் சோப்பு, நன்றாக எரியும் அடுப்பு. கூடவே, டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை என்ற ஒரு முடிவு.